அந்த மண்மேட்டின் மேல் நின்று பேசியவருக்கு

பெயர் சொல்லத் தேவையில்லை. மண் சரிந்து ஆட்கள் புதைந்த இடத்தில் நின்று, "அக்கிரமத்துக்குக் கடவுள் கணக்குத் தீர்த்துவிட்டார்" என்று அவர் பேசிய வீடியோ இரண்டு நாளாக எல்லார் கைபேசியிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே நான் போட்ட ஒரே ஒரு வரிக்கு "நாத்திகன்", "கடவுளுக்கே பாடம் எடுக்க வந்துட்டான்" என்று வந்து குவிந்ததையும் பார்த்திருப்பீர்கள். அங்கே பதில் எழுதி மாளாது. அதனால் இங்கே.

முதலில், நான் நாத்திகன் இல்லை. இடி இடித்தால் இன்றைக்கும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் சும்மா நிற்கிறவன். மலையைப் பார்த்தாலும் கடலைப் பார்த்தாலும் எனக்குப் படைத்தவன் ஞாபகம்தான் வரும். நம் காலுக்குக் கீழே இருக்கும் நிலத்தட்டு வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் நகர்கிறது, ஏறக்குறைய நகம் வளரும் வேகம். அந்த வேகத்தில் இன்னொரு தட்டோடு முட்டி முட்டித்தான் இமயமலையே எழுந்தது. அதே முட்டல்தான் நிலநடுக்கத்தையும் கொண்டுவருகிறது. இதில் நான் கடவுளின் வல்லமையைப் பார்க்கிறேன், கை தானாகக் குவிகிறது. ஆனால் யார் வீடு இடிய வேண்டும் என்று பெயர்ப்பட்டியலைப் பார்த்து அந்தத் தட்டு நகர்கிறது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். வல்லமையைக் கண்டு கும்பிடுங்கள். செத்தவர்கள் மேல் தீர்ப்பு எழுதாதீர்கள். நான் போட்ட அந்த வரியும் இதுதான்.

அந்த வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். அவரைப் பார்க்க வேண்டாம், அவருக்குப் பின்னால் பாருங்கள். சட்டை போடாத ஒருவர் மண்வெட்டிகூட இல்லாமல் வெறும் கையால் சேற்றைத் தோண்டிக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து, இவர் பேசுவதைக் கேட்டுவிட்டு, மறுபடி குனிந்து தோண்டுகிறார். "அக்கிரமத்துக்குக் கடவுள் கணக்குத் தீர்த்துவிட்டார்" என்ற அந்த வாக்கியம் அவர் காதில் விழுந்திருக்கிறது. எனக்குத் தாங்கவில்லை.

"பெரிய பெரிய மகான்களே இப்படிச் சொல்லியிருக்கிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம், சொல்லியிருக்கிறார்கள். 1934 ஜனவரியில் பீகாரில் பூமி அதிர்ந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தபோது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை அது என்று காந்தி சொன்னார். தீண்டாமையை அவரைப் போலவே வெறுத்த தாகூர் அதை வெளிப்படையாக மறுத்தார். இப்படிப் பேசத் தொடங்கினால், தீண்டாமையை ஆதரிக்கும் எதிர்த்தரப்பும் இதே நிலநடுக்கத்தைக் காட்டி காந்தியையும் அவர் ஆட்களையும் குற்றம் சொல்லலாமே என்றார். காந்தி அந்த மறுப்பைத் தன் இதழிலேயே வெளியிட்டார். காந்தியின் நோக்கம் எவ்வளவு நல்லது! அப்படிப்பட்டவர் சொல்லியே அது சரியாக வரவில்லை. இடிபாட்டில் செத்தவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் இருந்தார்களே, அவர்கள் எந்தப் பாவத்துக்குச் செத்தார்கள்?

1755 நவம்பர் 1, போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் புனிதர்கள் அனைவரின் திருநாள். தேவாலயங்கள் நிறைந்திருந்த காலை வேளையில் நிலம் குலுங்கியது. ஜெபத்துக்கு ஏற்றிய மெழுகுவர்த்திகள் சாய்ந்தே பல இடங்களில் தீ பிடித்தது. கும்பிட வந்தவர்கள் மேல்தான் கூரை விழுந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடலடியில் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு ஓடி, எழுந்த சுனாமியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் எந்த மதத்துக்காரர் இல்லை? எந்தக் கடவுளைக் கும்பிட்டவர் தப்பினார்? கணக்குத் தீர்க்கிறார் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் கொஞ்சம் போட்டுக் காட்டட்டும்.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

என் தங்கச்சிக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு. டாக்டர்கள் ஃபாலோ டெட்ராலஜி என்பார்கள். ஒரே இதயத்தில் நான்கு பிழைகள். குழந்தை வீறிட்டு அழுதால் உதடும் நகமும் நீலமாகும். அப்போது இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். ராத்திரி முழுக்க அப்படிப் பிடித்தபடியே, உதட்டில் நிறம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டு என் தங்கச்சி உட்கார்ந்திருப்பாள். அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் சொன்னார்: "கடவுள் சும்மா தண்டிக்க மாட்டாரும்மா. என்ன செஞ்சேன்னு யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்துப் பார்த்திருக்கிறாள். மாதங்கள் கழித்து மருந்துச் சீட்டு ஒன்றைத் தேடும்போது அதன் பின்பக்கத்தை நான் பார்த்தேன். நம்பர் போட்டு எழுதியிருந்தாள். பரீட்சையில் பார்த்து எழுதியது. அம்மாவிடம் பொய் சொன்னது. கர்ப்பம் என்று தெரிந்ததும் முதல் இரண்டு நாள் சந்தோஷப்படாமல் இருந்தது. பதினேழு வரைக்கும் போயிருந்தது.

குழந்தையின் இதயம் பெரும்பாலும் உருவாகிவிடுவது கர்ப்பத்தின் முதல் எட்டு வாரங்களில். அதில் பாதிக் காலம் தான் கர்ப்பம் என்பதே பல தாய்மாருக்குத் தெரியாது. ஏறக்குறைய நூற்றில் ஒரு குழந்தை ஏதோ ஓர் இதயக் குறையோடு பிறக்கிறது. இதையெல்லாம் அவளுக்கு விளக்கினேன். தலையாட்டினாள். பட்டியலை மட்டும் கிழிக்கவில்லை.

"அப்படியென்றால் கடவுளுக்கு நீதியே இல்லை என்கிறாயா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நான் நீதியைப் பார்க்கிறேன், ஆனால் அடி விழுந்த இடத்தில் இல்லை. இப்படி நீலமாகிற குழந்தைகளுக்கான முதல் அறுவைச் சிகிச்சை 1944-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்தது. செய்தவர் சர்ஜன் பிளேலாக், யோசனை சொன்னவர் குழந்தைகளின் இதய டாக்டர் ஹெலன் டாசிக். அதை விலங்குகளில் செய்து செய்து வழி கண்டுபிடித்தவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளர், பணமில்லாமல் கல்லூரிக் கனவை விட்டவர். அன்றைக்கு அந்தச் சர்ஜனுக்குப் பின்னால் ஒரு முக்காலியின் மேல் நின்றுகொண்டு ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னார். அந்த முக்காலியின் மேல் எனக்குக் கடவுளின் நீதி தெரிகிறது. மண்மேட்டின் மேல் தெரியவில்லை.

"காட்டை அழித்தோம், மலையைக் குடைந்தோம், அதன் பலன்தானே?" இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெட்டியவன் ஒருவன், புதைந்தவன் வேறொருவன். அது மனிதன் செய்த அநியாயம். அதன் கீழே கடவுளின் கையெழுத்தைப் போடாதீர்கள்.

"அவர் அன்பாக எச்சரித்தார்" என்கிறீர்கள். கையால் தோண்டிக்கொண்டிருந்தவரிடமா?

பைபிளில் வரும் யோபுவின் கதையை மைக் பிடித்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அய்யூப் நபி என்று அறிந்தவர்களும் உண்டு. பிள்ளைகளையும் உடைமையையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகி உட்கார்ந்திருந்தவரிடம் நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் வாய் திறக்காமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். அப்புறம் நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று ஆரம்பித்தார்கள். கடைசியில் சூறாவளிக்குள்ளிருந்து கடவுள் பேசுகிறார். கடலுக்குக் கதவு போட்டது யார், வரையாடு குட்டி போடும் காலம் உனக்குத் தெரியுமா என்று படைப்பைப் பற்றியே கேட்டுக்கொண்டு போகிறார். ஏன் உனக்கு இது நடந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. முடிவில் கோபப்படுவது யார் மேல்? யோபுவின் மேல் இல்லை, காரணம் சொன்ன நண்பர்கள் மேல். கடவுளே சொல்லாமல் விட்ட காரணத்தை இவர் மைக்கைப் பிடித்துச் சொல்கிறார்!

எங்கள் குழந்தைக்குப் பதினோரு மாதத்தில் ஆபரேஷன் நடந்தது, பிழைத்துக்கொண்டாள். அதே பெரியம்மா வந்து, "பாத்தியா, கடவுள் கண்ணத் திறந்துட்டார்" என்றார். என் தங்கச்சி கேட்டாள்: "பக்கத்துக் கட்டில் பையன் போயிட்டானே, அப்ப மூடியிருந்தாரா?" அன்றிலிருந்து அவள் கும்பிடுவதில்லை. எங்கள் வீட்டில் அதிகமாகக் கும்பிட்டவள் அவள். அவளைக் கடவுளிடமிருந்து பிரித்தது நாத்திகம் இல்லை. இதைத்தான் எனக்குப் பாடம் எடுக்க வந்தவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தப் பெண்ணுக்கு எட்டு வயது. நெஞ்சின் நடுவில் நீளமாக ஒரு தழும்பு. போன வாரம் அதைத் தடவிக்கொண்டே, "மாமா, இதை யார் போட்டது?" என்று கேட்டாள். கடவுள் என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கச்சி என்னைப் பார்த்தாள். "டாக்டர்" என்றேன்.