மடங்கிய கார்டுதான் எனக்கு வேண்டும்

பேஸ்பால் கார்டில் பணம் போடலாமா என்று இந்த வருடம் மூன்றாவது ஆளும் கேட்டுவிட்டார். பேஸ்பால் கார்டு என்றால் ஆட்டக்காரர் படம் போட்ட சின்ன அட்டை; முதலில் சிகரெட்டோடும் பிறகு பபுள் கம்மோடும் வைத்து விற்றார்கள். மூவருமே நம்மூர்க்காரர்கள். மூவரும் படித்துவிட்டு வந்தது ஒரே செய்தி: மிக்கி மேன்டில் என்ற பழைய ஆட்டக்காரருக்கு டாப்ஸ் கம்பெனி 1952இல் போட்ட கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. "நீங்க பத்து வருஷமா சேர்க்கறீங்களே, இப்ப வித்தா எவ்வளவு தேறும்?" என்று கேட்டவரிடம் உண்மையைச் சொன்னேன். மொத்தத்தையும் விற்றால் என் பழைய காருக்கு நாலு டயர் மாற்றலாம், அலைன்மென்ட்டுக்குக் கைக்காசு போட வேண்டியிருக்கும். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பரிதாபம். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

நான் இருப்பது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில். வந்த புதிதில் பேஸ்பால் எனக்குச் சுத்தமாகப் புரியாது. மட்டை ஏன் இவ்வளவு ஒல்லியாக இருக்கிறது என்பதற்கு மேல் யோசித்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலிலிருந்து திரும்பும்போது வழியில் ஒரு பழைய சாமான் சந்தையில் வண்டியை நிறுத்தினோம். மனைவிக்கு ஒரு இரும்பு வாணலி கிடைத்தது. எனக்கு ஒரு ஷூ பெட்டி நிறையக் கார்டுகள், எதை எடுத்தாலும் 1 டாலர்.

அதில் ஒன்று 1965ஆம் வருடத்துக் கார்டு. யாரோ ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர். அந்த வருடத்து டாப்ஸ் கார்டுகளில் கீழே ஒரு சின்னக் கொடி இருக்கும், அதற்குள் அணியின் பெயர். அந்தப் பெயரை பால்பாயின்ட் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் கோணல்மாணலாக வேறொரு அணியின் பெயரை எழுதியிருந்தது ஒரு சின்னக் கை. ஆட்டக்காரரை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். கார்டு வைத்திருந்த பையன் கணக்கைச் சரிசெய்துவிட்டான். கடைக்காரர் மன்னிப்புக் கேட்கும் குரலில், "பேனா எழுத்து இருக்கிறது, 50 சென்ட் கொடுங்கள்" என்றார்.

சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கிய பாடப்புத்தகத்தில் முந்தைய ஆள் போட்ட அடிக்கோட்டையும், ஓரத்தில் வரைந்த மீசையையும் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு அந்த எழுத்துதான் பிடித்தது. 1965இல் பத்து வயதுப் பையன் ஒருவன் வானொலியிலோ பேப்பரிலோ செய்தி தெரிந்துகொண்டு, பேனாவைத் தேடி எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதியிருக்கிறான். அது அந்தக் கார்டில் அப்படியே இருக்கிறது. அதற்கு 50 சென்ட் தள்ளுபடியாம்.

கார்டு சேகரிக்கும் உலகத்தில் பேனா எழுத்து ஒரு நோய். மடிப்பு, குண்டூசித் துளை, பபுள் கம் கறை, ரப்பர் பேண்ட் கடித்த தடம் எல்லாமே நோய்தான். கார்டை ஒரு கிரேடிங் நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டி அனுப்பினால், படம் நடுவில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, நாலு முனையும் கூர்மையா, ஓரம் சுத்தமா, மேற்பரப்பில் கீறல் உண்டா என்று பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கெட்டி பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி அனுப்புவார்கள். சேகரிப்பவர்கள் பேச்சில் அதற்கு 'ஸ்லாப்' என்று பெயர். அப்புறம் அந்தக் கார்டை யாரும் தொட முடியாது. அதே கார்டு 5 மதிப்பெண் வாங்கினால் ஒரு விலை, 9 வாங்கினால் பல மடங்கு. கொரோனா காலத்தில் வீட்டில் அடைபட்டவர்கள் எல்லாம் பரண் பெட்டியைத் திறந்து அனுப்பியதில், பிஎஸ்ஏ என்ற பெரிய கிரேடிங் நிறுவனம் 2021 வசந்தத்தில் குவிந்துகிடந்ததைத் தீர்க்க முடியாமல் புதிதாக வாங்குவதையே பெரும்பாலும் நிறுத்தி வைத்தது.

சரி, இந்த மதிப்பெண்ணின் யோக்கியதை என்ன? எங்கள் ஊர்க்காரர் கதையையே சொல்கிறேன். ஹோனஸ் வாக்னர், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியில் ஷார்ட்ஸ்டாப் என்ற இடத்தில் ஃபீல்டிங் செய்தவர். அவருடைய சிலை இன்றும் மைதானத்துக்கு வெளியே மட்டையைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டுபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டில் வைத்துக் கொடுத்த கார்டுகளில் அவருடையதும் உண்டு, ஆனால் சீக்கிரமே அச்சடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பையன்கள் கார்டுக்காகச் சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்று ஒரு கதை, காசு தரவில்லை என்பதால் மறுத்தார் என்று இன்னொரு கதை. மனிதர் புகையிலை மெல்லுகிறவர் என்பதால் முதல் கதையைச் சொல்கிறவர்களே லேசாகச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். எப்படியோ, மிஞ்சியவை சில டஜன்தான்.

அதில் மிக அழகான ஒன்றை 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவர் அணியின் முதலாளி புரூஸ் மெக்னாலும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். பிஎஸ்ஏ மதிப்பெண் போட்ட முதல் கார்டே அதுதான். 8 கொடுத்தார்கள். 2007இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2013இல், அதை ஒரு காலத்தில் வாங்கி விற்ற ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்: ஓரங்களை வெட்டிச் சீராக்கியது நான்தான் என்று. வெட்டின கார்டுக்கு மதிப்பெண்ணே கிடையாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. முதல் விதியை மீறிய கார்டுதான் முதல் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளையார் சுழியே கோணல்.

இதைச் சொன்னால் ஸ்லாப் ஆசாமிகளுக்குக் கோபம் வரும். கள்ளக் கார்டிலிருந்து காப்பாற்றுகிறோமே என்பார்கள். அதில் நியாயம் உண்டு, நானே பட்டிருக்கிறேன். இணையத்தில் 1959ஆம் வருடத்துக் கார்டு ஒன்று, முனையெல்லாம் கத்தி மாதிரி. விலை குறைவு. என்னுடைய கொள்கையை மறந்து சபலத்தில் வாங்கிவிட்டேன். வந்ததும் ஏதோ உறுத்தியது. 1957 முதல் டாப்ஸ் கார்டுகள் இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். அதே வருடத்துச் சாதாரணக் கார்டு ஒன்றின் மேல் இதை வைத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழை குட்டை. வெட்டியிருக்கிறார்கள். எழுதிக் கேட்டதற்குப் பதில் இல்லை. அன்றிலிருந்து ஒரு புற ஊதா டார்ச்சும் வாங்கி வைத்திருக்கிறேன்; புதுக் காகிதத்தில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் அந்த வெளிச்சத்தில் நீலமாக ஜொலிக்கும், 1950களின் அட்டை சும்மா மந்தமாகக் கிடக்கும். மறுஅச்சுக்களை அப்படிப் பிடிக்கலாம். வெட்டினதைப் பிடிக்காது.

ஆனால் கவனியுங்கள், நான் ஏமாந்தது அழகான கார்டில். மடிந்த கார்டை யாரும் கள்ளத்தனமாக மடிக்க மெனக்கெடுவதில்லை.

இந்தப் பொழுதுபோக்குக்கு ஆதிபிதா என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ஜெஃபர்சன் பர்டிக்கைத்தான் சொல்ல வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் ஊர், தொழிற்சாலை வேலை, கைவிரல்களை முடக்கிய மூட்டுவாதம். வாக்னர் கார்டு வரிசையை இன்றும் உலகம் 'டி206' என்றுதான் சொல்கிறது. அந்த எண்ணைக் கொடுத்தவர் இவர். சிகரெட், மிட்டாய், விளம்பரம் என்று மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுச் சீட்டுகளைச் சேர்த்தார், அதில் முப்பதாயிரத்துக்கு மேல் பேஸ்பால் கார்டு. எல்லாவற்றையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, அங்கேயே ஒரு மேசையில் உட்கார்ந்து பல வருடங்கள் ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் ஒட்டி முடித்தார். மார்ச்சில் இறந்துபோனார்.

ஒட்டினார் என்பதைக் கவனித்தீர்களா? பசை போட்டு. வாக்னரையும் சேர்த்து. இன்றைய கணக்குப்படி அந்த மேதை பல கோடி டாலரைப் பசை போட்டு நாசமாக்கியிருக்கிறார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியதே அதைப் படித்த பிறகுதான். அவருக்கு அது பார்ப்பதற்கான பொருள், வரிசையாக அடுக்கிப் புரிந்துகொள்வதற்கான பொருள்.

அந்த மேன்டில் கார்டின் விலைக்குக் காரணமும் வேடிக்கைதான். அது அவருடைய முதல் கார்டுகூட இல்லை. முதல் கார்டு 1951இல் போமன் என்ற கம்பெனி போட்டது. டாப்ஸ் ஒரு வருடத்துக் கார்டுகளை மொத்தமாக வெளியிடாது, தவணை தவணையாக விடும். கடைசித் தவணை வரும்போது கோடை முடிந்திருக்கும், பையன்களுக்குப் பள்ளிக்கூடமும் ஃபுட்பாலும் வந்திருக்கும், கடைக்காரர் சரக்கு எடுக்க மாட்டார். 1952இன் கடைசித் தவணை 311ஆம் எண்ணில் தொடங்குகிறது. அந்த 311தான் மேன்டில். விற்காத பெட்டிகளை வைத்துக்கொண்டு அல்லாடிய டாப்ஸின் சை பெர்கர், 1960இல் அவற்றைப் படகில் ஏற்றி நியூ ஜெர்சிக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் கொட்டச் செய்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். கார்டை உருவாக்கியவரும் அவர், கடலில் கொட்டியவரும் அவர். மீதியை அம்மாக்கள் பார்த்துக்கொண்டார்கள். பையன் கல்லூரிக்கோ பட்டாளத்துக்கோ போனதும் ஷூ பெட்டி குப்பைக்குப் போனது. குப்பைக்குப் போனதால்தான் விலை. 1980களின் கடைசியில் அப்பாக்கள் இதைத் தெரிந்துகொண்டு பெட்டி பெட்டியாக வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள், கம்பெனிகளும் சளைக்காமல் அச்சடித்துத் தள்ளின. அந்தக் கார்டுகள் இன்றும் புத்தம்புதிதாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றை யாரும் சீந்துவதில்லை. முதலீடு பற்றிக் கேட்ட மூவருக்கும் என் பதில் இந்தப் பத்திதான்.

எனக்கு மிகவும் பிடித்த அநியாயம் ஒன்று உண்டு. செக்லிஸ்ட் கார்டு. வரிசையில் இருக்கும் எல்லா வீரர்களின் பெயரும் எண்ணும், பக்கத்தில் குட்டிக் குட்டிக் கட்டம். கார்டு கிடைக்கக் கிடைக்கப் பென்சிலால் டிக் அடித்துக்கொள்வதற்காகவே அச்சடித்தது. டிக் அடித்திருந்தால் இன்று மதிப்பில்லை. அடிக்காததுதான் விலை. எதற்காகச் செய்தார்களோ அதைச் செய்யாதவனுக்குத்தான் பரிசு! என்னிடம் 1960களின் டிக் அடித்த செக்லிஸ்ட்டுகள் ஒரு கத்தை இருக்கின்றன. ஒன்றில் 40 பெயர் வரை மும்முரமாக டிக், பிறகு ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். காசு தீர்ந்ததா, ஊர் மாறினார்களா, இல்லை சும்மா சலித்துவிட்டதா?

இப்போது நான் உண்மையில் எதைச் சேர்க்கிறேன் என்பதற்கு வருகிறேன். ராபர்ட்டோ கிளெமென்டே. பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து பைரேட்ஸ் அணிக்காக 1955 முதல் 1972 வரை ஆடியவர். சரியாக 3,000 ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் ஓடிச் சேர்ந்தால் ஒரு ஹிட்). 1972 டிசம்பரில் நிகராகுவாவில் பூகம்பம். நிவாரணச் சாமான்களோடு டிசம்பர் 31 அன்று விமானம் ஏறினார், விமானம் கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவே இல்லை. வயது 38. இந்த ஊரில் அவர் பெயரில் பாலம் இருக்கிறது, அவர் சட்டை எண் 21 என்பதால் மைதானத்தின் வலதுபக்கச் சுவரை 21 அடி உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள்.

அவ்வளவு பெரிய மனிதரின் கார்டில் 1957 முதல் 1969 வரை என்ன பெயர் அச்சடித்தார்கள் தெரியுமா? 'பாப் கிளெமென்டே'. முதல் இரண்டு வருடம் ராபர்ட்டோ என்று ஒழுங்காகப் போட்டவர்கள்தான். திடீரென்று பாப், ராபர்ட் என்ற பெயருக்கு அமெரிக்கச் சுருக்கம். என் பெயர் ராபர்ட்டோ என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பேசிய ஆங்கிலத்தின் உச்சரிப்பை அப்படியே எழுத்துக்கூட்டி அச்சடித்துக் கேலி செய்தன அன்றைய பத்திரிகைகள். 1970இல்தான் டாப்ஸ் கார்டில் ராபர்ட்டோ திரும்பி வந்தார்.

என் பெயர் தட்சிணாமூர்த்தி. அலுவலகத்தில் 'டாக்'. காபிக் கடையில் 'டேவ்'. முதல் வாரத்தில் மேனேஜர் சிரித்துக்கொண்டே சுருக்கியபோது நானும் சிரித்தேன், பாவம் அவர்மேல் தப்பில்லை. கிளெமென்டே சிரிக்கவில்லை. அந்தப் 13 பாப் கார்டுகளையும் சேர்த்து வரிசையாக வைக்க வேண்டும் என்று தோன்றியது அதனால்தான். மதிப்பெண் 1, 2 வாங்கக்கூடிய கிழிசல்கள் போதும். சைக்கிள் ஆரக்காலில் கிளிப் போட்டுச் சொருகி மோட்டார் சத்தம் எழுப்பிய கார்டு ஒன்று இருக்கிறது, ஓரம் முழுக்க நைந்திருக்கும். ஒன்றின் பின்பக்கம் பசைத்தாள் பிய்த்த காயம். எதற்கும் பிளாஸ்டிக் பெட்டி கிடையாது. என் பெண் ஹோம்வொர்க் முடித்துவிட்டு எடுத்து அடுக்குவாள், மோந்தும் பார்ப்பாள். பழைய நூலக வாசனை என்கிறாள்.

12 வந்துவிட்டது. பாக்கி 1963. எண் 540, கடைசித் தவணை. அந்தக் கோடை முடிகிற கதைதான் இங்கேயும், அதனால் கிழிசலுக்கே விலை அதிகம். போன சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் நடந்த கார்டு சந்தையில் பார்த்தேன். பெரியவர் ஒருவரின் மேசை. மேலே நடுவில் குண்டூசித் துளை, யாரோ சுவரில் குத்தி வைத்திருந்திருக்கிறார்கள். வெயில் பட்டுச் சிவப்பு வெளுத்திருந்தது. கையில் அவ்வளவு பணம் இல்லை. அடுத்த சனிக்கிழமை வரை எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். சீட்டை எடுத்துப் பெயர் கேட்டார்.

டாக் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கையில் அந்தக் கார்டு. முழுப் பெயரையும் சொன்னேன். "மெதுவாகச் சொல்லப்பா" என்றார். ஆங்கிலத்தில் 15 எழுத்து. ஒவ்வொன்றாகச் சொன்னேன், ஒவ்வொன்றாக எழுதினார். சீட்டில் இடம் போதாமல் கடைசி மூன்று எழுத்து ஓரமாக மேலே ஏறிப் போனது.

நாளைக்குச் சனிக்கிழமை. விலையை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.