காந்தத்தில் இன்னும் என்ன ஆராய்ச்சி என்று கேட்டவருக்கு

காந்த ஆராய்ச்சியைக் கேலி செய்து ஒருவர் பேசிய அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பத்துப் பேர் அனுப்பிவிட்டீர்கள். "எலக்ட்ரான் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்க மக்கள் வரிப்பணமா?" என்று அவர் கேட்டதைக்கூட விட்டுவிடலாம். அதற்கு எழுந்த கைதட்டல்தான் ராத்திரி தூங்கவிடவில்லை.

ஐயா, உங்கள் பேச்சு இன்று ஏதோ ஒரு டேட்டா சென்டரின் ஹார்ட் டிஸ்கில் இருந்தால், அதைப் படித்துக் கொடுப்பது எலக்ட்ரானின் 'சுழற்சி' என்று சொல்லப்படும் அந்தப் பண்புதான். ஸ்பின் என்கிறோமே, அதேதான்.

1988-ல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட் குழுவும் ஜெர்மனியில் பீட்டர் க்ரூன்பெர்க் குழுவும் தனித்தனியாக ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். இரும்பு, நடுவில் ஒரு நானோமீட்டர் அளவுக்குக் குரோமியம், மறுபடி இரும்பு. இரண்டு இரும்பு அடுக்கின் காந்தத் திசையும் ஒன்றாக இருந்தால் மின்சாரம் சுலபமாகப் போகிறது, எதிரெதிராக இருந்தால் தடை கூடுகிறது. காரணம் அந்த ஸ்பின்தான். க்ரூன்பெர்க் முதலில் பார்த்த வித்தியாசம் ஒன்றரை சதவீதம். அதையும் வீண் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். ஒன்பதே வருடத்தில், 1997-ல், ஐபிஎம் அதை ஹார்ட் டிஸ்கின் ரீட் ஹெட்டில், அதாவது தட்டில் காந்தமாகப் பதிந்ததைப் படிக்கும் முனையில், வைத்து விற்றது. 2007-ல் இருவருக்கும் நோபல்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில்" என்பீர்கள். 1995-ல் அமெரிக்காவின் எம்ஐடியில், இரண்டு காந்த அடுக்குகளுக்கு நடுவே மின்சாரம் கடத்தாத மெல்லிய படலத்தை வைத்து, அறை வெப்பநிலையிலேயே மின்தடையில் பெரிய மாற்றத்தைக் காட்டிய ஜகதீஷ் மூடேரா, ஐஐடி மெட்ராஸில் முனைவர் பட்டம் வாங்கியவர். இன்றைய ரீட் ஹெட்டும், கரண்ட் போனாலும் மறக்காத எம்ரேம் என்ற நினைவகச் சிப்பும் அந்த வழியில் வந்தவை. "சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வந்தாச்சே" என்பவர்களுக்கு: பெரிய டேட்டா சென்டர்களில் இன்னமும் ஹார்ட் டிஸ்க் சுழல்கிறது. அவ்வளவுதான்.

செலவைப் பற்றிக் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்பது வேறு, கேலி செய்வது வேறு.

நான் ஐந்து வருடம், இப்படிப்பட்ட மெல்லிய அடுக்குகளை வெற்றிடத்தில் செய்யும் மென்படல ஆய்வகத்தில் இருந்தவன். மாலையில் பம்பைப் போட்டால் வெற்றிடம் வர விடிந்துவிடும். ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்குக் கரண்ட் போனது. டர்போ பம்பின் கீச்சுச் சத்தம் மெல்ல இறங்கி அடங்குவதை இருட்டில் உட்கார்ந்து கேட்டேன். காலையில் மறுபடி முதலில் இருந்து. அந்த வாரம் அம்மாவின் பிறந்தநாளுக்கு ஊருக்குப் போகவில்லை. இதற்கா கைதட்டினீர்கள்?

சரி, என்னை விடுங்கள். ப்ளஸ் டூ படிக்கும் என் தங்கை மகள் இயற்பியல்தான் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். காணொளியைப் பார்த்துவிட்டு, "மாமா, இதெல்லாம் வேஸ்டா?" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. பரணில் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துத் திருகுகளைக் கழற்றினேன். கண்ணாடி மாதிரித் தட்டு, அதன்மேல் நீண்ட கை, கையின் நுனியில் எள்ளளவு கறுப்புத் துண்டு. அதன் ஓரத்தில்தான் கண்ணுக்குத் தெரியாத அந்த அடுக்குகள் என்றேன்.

லென்ஸை வாங்கி ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாள். அப்புறம், "எத்தனை அடுக்கு மாமா?" என்றாள்.