டி.இ.எல்.2: கோப்பை மட்டும் போதாது
ஜெர்மனியின் இரண்டாம் நிலை ஐஸ் ஹாக்கி லீக்கான டி.இ.எல்.2-இல் "சாம்பியன் ஆனால் தானாகவே மேல் லீக்குக்குப் போய்விடலாம், ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தவறு. இந்த லீக் தொடங்கியதே 2013-இல். களத்தில் வென்று ஏறும் உரிமையோ, முன்பிருந்த இரண்டாம் நிலை லீக்கிலேயே 2006-க்குப் பிறகு நிறுத்தப்பட்டிருந்தது. 2013-இல் ஷ்வெனிங்கன் அணி மேலே போனதுகூட, மேல் லீக் அணியான ஹனோவர் ஸ்கார்பியன்ஸிடமிருந்து அங்கே ஆடும் உரிமத்தை வாங்கித்தான். 2021-இல் பீட்டிக்ஹைம் அணி வென்று ஏறியபோதுதான் பழைய வழி மறுபடி திறந்தது.

இப்போதும் ஒரு நிபந்தனை உண்டு: மேல் லீக் உரிமத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்திருக்க வேண்டும். 2024-இல் கோப்பை வென்ற ரேகன்ஸ்பர்க் விண்ணப்பிக்கவே இல்லை. விண்ணப்பித்திருந்த காஸலோ இறுதியில் தோற்றது. அந்த வாய்ப்பு இரண்டாம் இடத்துக்குக் கைமாறாது. ஆக, யாரும் மேலே ஏறாததால், மேல் லீக்கில் கடைசியாக வந்த ஆக்ஸ்பர்க் கீழே இறங்காமல் அங்கேயே தங்கிவிட்டது. ரேகன்ஸ்பர்க் கோப்பைக்கு ஆக்ஸ்பர்க்காரர்கள்தான் இனிப்பு வழங்கியிருக்க வேண்டும்!