200 மைல் ஆன்டெனா என்று ஒன்று இல்லை

அமெரிக்காவில் ஆர்.வி. (தங்கிப் பயணிக்கும் வசதியுள்ள வண்டி) வாங்கி, அதில் டிவி பார்க்க வழி கேட்டவரிடம், "பழைய ஆன்டெனாவில் டிஜிட்டல் வராது, 200 மைல் எட்டும் 4கே ஆன்டெனா மாட்டுங்கள்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இரண்டுமே தவறு. ஆன்டெனாவுக்கு டிஜிட்டல், அனலாக் என்ற பேதமே கிடையாது. அதிர்வெண் பொருந்தினால் போதும். பூமியின் வளைவு குறுக்கே வருவதால் 60, 70 மைலைத் தாண்டிப் பொதுவாக எதுவும் நிலையாகக் கிடைக்காது. பெட்டியில் போட்டிருக்கும் எண் வெறும் விளம்பரம்.

வண்டியின் கூரையில் ஏற்கெனவே உயர்த்தித் திருப்பும் ஆன்டெனா இருக்கிறதா? சரி, முதலில் உள்ளே சுவரில் கேபிள் சொருகும் இடத்துப் பூஸ்டர் (சிக்னலை வலுவாக்கும் கருவி) சுவிட்சைப் பாருங்கள். அதிலுள்ள சின்ன விளக்கு எரியாமலே புது ஆன்டெனா வாங்கியவர்கள் உண்டு. வண்டியை நிறுத்தும் முகாமில் கேபிள் டிவி இணைப்புக் கொடுத்தால் மட்டும் அந்த பூஸ்டரை அணையுங்கள். அப்புறம், தட்டையான குட்டி ஆன்டெனாக்கள் விஎச்எஃப் (2 முதல் 13 வரையிலான சேனல்கள்) அலைவரிசையில் திணறும். உதாரணமாக, பிலடெல்ஃபியாவின் டபிள்யூபிவிஐ என்ற டிவி நிலையம் அதில் வரும் 6ஆம் சேனலில்தான் ஒளிபரப்பாகிறது.