அந்தப் பாட்டிக்கும் அதே பாதைதான்

நேற்றிலிருந்து அந்தக் காணொளியைப் பத்துப் பேராவது எனக்கு அனுப்பிவிட்டீர்கள். சிங்கப்பூரில் பழைய ரயில் தடத்தைப் பாதையாக்கிய ரயில் காரிடாரில் நடந்துபோகும் அந்தப் பாட்டி, பின்னால் வந்த சைக்கிள்காரர், அப்புறம் பாட்டியைப் பார்த்து அந்தச் சைக்கிள்காரர் போட்ட சத்தம். அந்தச் சத்தத்தைவிடக் கீழே வந்த கருத்துகள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. "வயசானவங்களுக்கு அங்கே என்ன வேலை, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே நடக்கட்டும்" என்றவருக்கு அத்தனை விருப்பக்குறிகள்.

அங்கே என்ன வேலையா? 2011 ஜூன் 30 ராத்திரி தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் போன பிறகு, உட்லண்ட்ஸ் வரைக்கும் 24 கிலோமீட்டரை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். இருவருக்கும். குவீன்ஸ்வே பக்கம் ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்து ஓரத்தில் கொட்டகை போட்டுக் கும்பிட்ட முனீஸ்வரன்தான் இன்று காமன்வெல்த் டிரைவ் கோயிலில் இருக்கிறார். என் தாத்தாவும் அந்தத் தண்டவாளத்தில் வேலை பார்த்தவர். அவர் மகளுக்கு அங்கே நடக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

ஆமாம், அம்மாவைப் பற்றித்தான் சொல்கிறேன். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரை வாராவாரம் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போவேன். அங்கே உட்கார்ந்துகொண்டு போவோர் வருவோரிடமெல்லாம் பேசுவார். மலாய்க்கார அக்கா ஒருவர், நாய்க்குட்டியோடு வரும் சீனத் தாத்தா ஒருவர், இப்படி ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. ஒருநாள் பின்னாலிருந்து மணிகூட அடிக்காமல் ஒரு சைக்கிள் முழங்கையை உரசிக்கொண்டு போனது. விழுந்தார், மணிக்கட்டு சுளுக்கியது. வந்தவர் நிற்கவில்லை. அதோடு சரி, அம்மா அங்கே வருவதில்லை. அந்த மலாய்க்கார அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.

நடப்பவர்களும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடுவில் போகிறார்கள் என்பீர்கள். சரி, போகிறார்கள், தப்புதான். சாப்பாடு கொண்டுபோகிறவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு என்பீர்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் காணொளியில் வந்தவர் சாப்பாடு கொண்டுபோகவில்லையே, பந்தயச் சட்டை போட்டிருந்தாரே! சட்டப்படி பகிர்வுப் பாதையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம் என்று ஒருவர் சட்டம் எடுத்து நீட்டினார். போகலாம்தான். அது உச்சவரம்பு, முன்னால் ஒரு பாட்டி நடக்கும்போது எட்டிப்பிடிக்க வேண்டிய வேகம் இல்லை. நானும் சைக்கிள் ஓட்டுகிறவன்தான், பிரேக் பிடித்து, மணி அடித்து, "எக்ஸ்கியூஸ் மீ ஆன்ட்டி" என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு ஐந்து விநாடி ஆகிறது. அந்த ஐந்து விநாடியைத்தான் கேட்கிறேன். அதையும் தர முடியாது என்றால் பக்கத்துப் பக்கத்துப் பேட்டைகளைச் சேர்க்கும் பாதை என்று இதை எதற்குச் சொல்லிக்கொள்கிறோம்? யாரைச் சேர்க்கிறோம், வேகமாகப் போகத் தெரிந்தவர்களை மட்டுமா?

இவ்வளவு கோபத்தோடு நேற்று ராத்திரி அம்மாவிடம் அந்தக் காணொளியைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். "பாவம், அந்தப் பிள்ளைக்கு என்ன அவசரமோ" என்றார். அப்புறம் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "நானும் அன்னிக்குக் கொஞ்சம் ஓரமாப் போயிருக்கலாம்" என்றார்.