கலிஃபோர்னியாவில் விழுந்த டிரம்ப் ஓட்டு

அமெரிக்க அதிபர் தேர்தலில் உள்ள தேர்வாளர் குழு முறை சின்ன மாநிலங்களுக்குக் காவல் என்று ஒரு நீளக் கட்டுரையில் வாதாடுகிறார் அதன் ஆசிரியர். அந்த முறையில் நாடு முழுக்க விழுந்த ஓட்டைக் கூட்டிப் பார்ப்பதில்லை; ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர்கள் என்று உண்டு, அவர்களில் பெரும்பான்மை யாருக்கோ அவரே அதிபர். குடியரசுக் கட்சிக்காரர்கள் அங்கே அன்றாடம் சொல்கிற வாதம்தான். வயோமிங், வெர்மான்ட் பக்கம் எந்த வேட்பாளர் பிரசாரத்துக்குப் போகிறார் சார்? எல்லாரும் பென்சில்வேனியாவையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அது என்ன சின்ன மாநிலமா?

2020-இல் டிரம்புக்கு அதிக ஓட்டு விழுந்த மாநிலம் டெக்சாஸ் இல்லை, கலிஃபோர்னியா! 60 லட்சத்துக்கும் மேல். பேக்கர்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்ப்பவர், பாதாம் தோப்புக்காரர் என்று பலர் போட்ட ஓட்டு. பலன்? 55 தேர்வாளர்களும் பைடனுக்கே. மெய்ன், நெப்ராஸ்கா தவிர எங்கும் ஜெயித்தவருக்கே மொத்தமும்.

ஜனநாயகக் கட்சி ஆட்களும், நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியும் தங்கள் வேட்பாளர் தோற்ற 2000, 2016 என்று இரண்டு வருஷத்தை மட்டுமே பிடித்துக்கொண்டு புலம்புகிறார்கள். 2004-இல் ஒஹாயோவில் சுமார் 60,000 பேர் மாற்றிக் குத்தியிருந்தால், நாடு முழுக்க புஷ்ஷைவிட 30 லட்சம் குறைவாக வாங்கிய அவர்கள் கட்சிக் கெர்ரிதான் அதிபர். அப்போது இதே முறை இவர்களுக்கு இனித்திருக்கும்.

1969-இல் இந்த முறையை ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 338-70 என்று நிறைவேறியது. இரண்டு கட்சியும் ஓட்டுப் போட்டன, அப்போதைய அதிபர் நிக்சனே ஆதரித்தார். மறு வருஷம் செனட்டில் பேசியே இழுத்தடித்துச் சாகடித்தார்கள், அதில் முன்னே நின்றவர்கள் தெற்கு மாநிலத்தவர்கள். அவ்வளவு நீளக் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இடமில்லையா?