சரக்கை இறக்கும் முறையையும் எழுதுங்கள்
வட அமெரிக்கப் பேரேரிகளின் மிக நீளமான கப்பல் பால் ஆர். டிரெகர்தா பற்றிய கட்டுரை, அதன் 1,013 அடி நீளத்தோடு நின்றுவிட்டதே! அது சரக்கை இறக்கும் விதத்தைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சரக்கறைகளின் அடி புனல் மாதிரி சரிந்திருக்கும். அடிக்கதவைத் திறந்தால் நிலக்கரியோ இரும்புத்தாது உருண்டைகளோ கன்வேயர் பெல்ட்டில் கொட்டும். அந்தச் சரக்கு பெல்ட்டிலேயே மேல்தளத்துக்கு ஏறி, கரைப்பக்கம் திருப்பிய பூம் என்ற நீண்ட கை வழியாகக் கரையில் குவியும். துறைமுகத்தில் கிரேனே தேவையில்லை. சின்னத் துறைக்கும் இது பெரிய வரம்.

அப்புறம், நன்னீரில் உப்பு அரிப்பு இல்லாததால் இந்தப் பேரேரிக் கப்பல்களுக்கு ஆயுள் கெட்டி. 1975 நவம்பரில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் மூழ்கிய இரவில் அதன் பின்னால் வந்த ஆர்தர் எம். ஆண்டர்சன் என்ற கப்பல் 1952-இல் கட்டப்பட்டது. அதையும் பிற்பாடு இப்படித் தானே சரக்கை இறக்கும் கப்பலாக மாற்றினார்கள். அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், அவசியம் எழுதுங்கள்.